இரண்டு அங்குலம்

போன ஐப்பசியில் அடப்பாறு உடைத்துக்கொண்ட இரவு
ஜீப்புக்குள் கணுக்கால் தண்ணீர்.
கால்சியம் பாட்டில்கள் மிதந்து வந்து
பிரேக்கில் இருந்த என் காலை முட்டின.
நான்கு சக்கரமும் இழுத்தன, அவற்றைச் சொல்லக் கூடாது.
தாழ்ந்து கிடந்தது உடம்புதான்.

இந்த ஆடியில் முடிவு செய்தேன்:
சேஸை விட்டு பாடியை இரண்டு அங்குலம் தூக்குவது,
நடுவில் எட்டு நைலான் கட்டைகள்,
பிறகு பெரிய டயர்.
மெக்கானிக் பதினெட்டாயிரம் கேட்டார்.
ஒரு ஜாக் போதும் என்றது என் கணக்கு.

ஹாஜா முகைதீன் கடையில் எல்லா ரகமும் இருந்தது.
கத்தரி ஜாக், வழியில் பஞ்சர் ஆனால் சரி,
மற்றபடி கொக்குக் கால்.
டிராலி ஜாக், சிமெண்டுத் தரையில் மகாராணி,
எங்கள் வாசலில் முதல் அழுத்தத்திலேயே சக்கரம் புதையும்.
இடுப்புக்கு மேல் உயர்ந்த பண்ணை ஜாக்,
எவ்வளவும் ஏறும், பிடி நழுவினால் தாடையைக் கேட்கும்.
(கடைப் பையனின் மேலுதட்டில் தையல் தழும்பு.
யாரும் விளக்கவில்லை.)
மூலையில் பாட்டில் ஜாக்குகள், குட்டையாக, எண்ணெய் பிசுபிசுக்க.

"எத்தனை டன் வேணும் டாக்டரம்மா?"
டன் வேண்டாம் பாய். சக்கரம் தரையிலேயே நிக்கும்.
தூக்கப்போறது வெறும் தகரக் கூடு,
சீட்டோட சேத்து நானூறு கிலோ வந்தா அதிகம்.
"அப்ப என்னதான் பாக்குறீங்க?"
இறக்கிக் காட்டுங்க என்றேன்.

ஏற்றிக் காட்ட எல்லாருக்கும் தெரியும்.
கல்லா மேசையின் ஒரு காலடியில் ஜாக்கை நட்டு
ஏற்றி, வால்வைத் திருகினார்.
முதலாவது தொப்பென்று விழுந்தது, மேசையிலிருந்த டீ கிளாசோடு.
இரண்டாவது பாதியில் சிக்கி, பிறகு அதுவும் விழுந்தது.
மூன்றாவது,
கன்றின் முன்னங்காலில் கயிறு கட்டி இழுக்கும்போது
தாய் முக்கினால் இழுத்து
அவள் ஓய்ந்தால் நாமும் ஓய்வோமே,
அப்படி, கை சொன்ன அளவுக்கு.

ஆயிரத்து நூறு. பில் வேண்டாம் என்றேன்.
போட்டுத்தான் கொடுத்தார்.

ஞாயிறு. ஸ்டியரிங் இணைப்பைக் கழற்றினேன், விசிறிக் கூண்டையும்.
வலப்பக்கம் தளர்த்தி, இடப்பக்கம் முழுக்க உருவ வேண்டும்.
ராத்திரியெல்லாம் டீசலில் ஊறியும்
உப்புக்காற்று தின்ற போல்ட் ஒன்று ஜெபமாலை கையில் முறிந்தது.
மாதாவைக் கூப்பிட்டார்,
அப்புறம் மாதா காதில் விழக் கூடாத ஒன்றையும்.

ஜாக் தலைக்கும் தகரத்துக்கும் நடுவே கருவேலங்கட்டை.
அது சுலபம். ஜாக்கின் காலடியில்?
இந்த ஊரில் கல் கிடையாது.
தோண்டினால் களிமண், கீழே களிமண், அதற்கும் கீழே தண்ணீர்.
அம்மிகூட எங்கோ மலையிலிருந்து லாரியில் வந்ததுதான்.
பனம்பலகை இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டோம்.

ஏறியது.
சேஸுக்கும் பாடிக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது,
எதிர்வீட்டுக் கோழி ஒன்று அதன் வழியே நடந்தது.

அப்போதுதான் உம்பளச்சேரியிலிருந்து போன்.
தலையீத்து, ஒரு கால் மட்டும் வெளியே.
நைலான் கட்டைகள் வீட்டுக்குள், சாவி யாரிடமோ.
ஜாக்கின் தண்டு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.
ஜெபமாலையின் டிவிஎஸ்ஸில் கிளம்பினோம்.

கிடேரி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
எழுந்து நிற்க மூன்று முறை விழுந்தது.

விடிந்து வந்து பார்த்தால்
இடைவெளி ஒரு விரல் குறைந்திருந்தது.
பாயைத் திட்ட வாயெடுத்துக் குனிந்தேன்.
கோடு போட்ட இடத்திலேயே கோடு.
ஜாக் இறங்கவில்லை.
பலகைகள்தான் இறங்கியிருந்தன,
வாய்க்காலில் தண்ணீர் வந்து பத்து நாளான மண்ணுக்குள்,
ஓரமெல்லாம் ஈரம் கசிய.

கை கழுவவில்லை இன்னும்.
வழுக்கிய பிடியைப் புடவையில் துடைத்து
மூன்று அழுத்து அழுத்தினேன்.
நாலாவதுக்கு முன்னால்
இன்னொரு பலகை கொண்டாங்க என்றேன், அகலமாக.